பங்காளிக் கழுத்து

என் பெரியப்பா மகன் உதயசூரியனின் கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, கம்பெனி கேன்டீனில் நான் இரண்டாம் முறை சாம்பார் வாங்கினேன். எங்கள் பிரேக் சிலிண்டர் கம்பெனியின் சரித்திரத்தில் அந்தச் சாம்பாரை இரண்டாம் முறை வாங்கியவர் எவரும் கிடையாது. பரிமாறுகிற செல்லம்மாள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா குமாரவேலு, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தாம்மா நல்லா கீது" என்றேன்.

செய்தியை அறிவித்தவன் உதயசூரியனேதான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல நடந்துகொண்டே சாப்பிட்டான்.

"தைராய்டாம்பா. ஓவரா சுரக்குதாம். அத்த சுத்தமா எடுத்துட்லாம்னு காஞ்சிபுரத்துல சொல்லிட்டாங்கோ. ஆயுத பூஜை முடியட்டும், மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டுப் போயி படுத்துக்குறேன்."

அவன் எங்கள் லைன் சூப்பர்வைசர். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கை துறுதுறுவென்று எதையாவது திருகிக்கொண்டே இருக்கும், கண் ஒரு இடத்தில் நிற்காது, கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. 'உதயசூரியனைப் பாருங்கள், என்ன சுறுசுறுப்பு!' என்று மேனேஜர் மீட்டிங் போட்டுப் புகழ்ந்திருக்கிறார். அதே புடைப்பு, அதே துறுதுறுப்பு எனக்கும் இருந்தது. நான் தொழிலாளி என்பதால் அதற்கு 'நடுக்கம்' என்று பெயர்.

பிறந்ததிலிருந்தே என் நெஞ்சு முதலாளிக்குப் பயந்த ரிக்‌ஷாக்காரன்போல ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஆடினால் வாத்தியார் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே என் பெயரைச் சொல்லுவார். பெரியவனானதும் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, தைராய்டு அதிகம் என்று அதை அடக்க மாத்திரை கொடுத்தார். சில வருஷம் விழுங்கினேன். ஒரு நாள் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்.

"நார்மல்!"

நான் நார்மலான அன்றிலிருந்து என்னால் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. முகம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிற்று. தலைமுடி சீப்போடு போயிற்று. அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மண்ணூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒரே ஆள் நான்தான். ஓடுகிற மெஷின் முன்னால் நின்றுகொண்டே தூங்கினேன்.

உதயசூரியன் மெமோ எழுதினான். நான் டாக்டரின் காகிதத்தைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு லைனில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"நார்மல்னு போட்டுக்கீது. அப்ப இது நோவு இல்ல, கொழுப்பு. டேய் பள்ளிகொண்டான், பின்னாடி யார்டுல போயி இரும்புச் சீவல் அள்ளு. தூங்கினா உன்மேலயே நீ வுழுவ, மெஷினுக்கு சேதாரம் இல்ல."

பள்ளிகொண்டான் என்ற பெயர் அன்றைக்கே கம்பெனி முழுக்கப் பரவியது. வாட்ச்மேன்கூட என் பஞ்சிங் கார்டை எடுத்துக் கொடுக்கும்போது பெருமாளைச் சேவிப்பதுபோலக் கும்பிடுவார். நல்ல பெயர்தான், நானே வைத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

ஆனால் இரண்டாம் சாம்பார் அதற்காக இல்லை.

எங்கள் தாத்தாவுக்கு இரண்டு மனைவி. மூத்தவளின் பிள்ளை பெரியப்பா சுப்பன். இளையவள் ராஜம்மாவின் பிள்ளை என் அப்பா கோபால். அப்பா, ராஜம்மாவுக்குக் கல்யாணமான ஏழாம் மாசமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார். எங்கள் வம்சத்தில் யாருக்குத்தான் பொறுமை இருந்தது? ஆனால் பெரியப்பா அதற்கு வேறு கணக்குச் சொன்னார். 'வயித்துல வாங்கிகினு வந்த புள்ள. எங்க ரத்தம் இல்ல.' இதை மண்ணூரில் இரண்டு தெரு கேட்க, அப்பாவின் ஆயுசு முழுக்கச் சொன்னார்.

போன ஐப்பசியில் அப்பா போனார். ஒருவர் செத்தால் பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு. கவிச்சி சேர்க்கக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, கருமாதியன்று எல்லோரும் சேர்ந்து தலையை மழித்துக்கொள்ள வேண்டும். அப்பாவை எரித்துவிட்டு வந்த மறுநாளே பெரியப்பா வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. காற்று அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருப்பக்கம் அடித்தது. கருமாதி முடிந்து நான் மொட்டைத் தலையோடு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, உதயசூரியன் மீசையை ஒதுக்கி, புதுச் சட்டை போட்டு ஏறினான்.

"இன்னாப்பா, செத்தது உன் சித்தப்பாவாமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்களுக்குத் தீட்டு இல்ல" என்றான் அவன். "நம்ம ரத்தம் கெடையாது."

நான் இரண்டாவது சீட்டில் இருந்தேன். திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பழிவாங்கும் கதைகளில் இப்படி ஒரு கதாநாயகனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த வருஷக் கோடையில் இந்திராணி என்னை ஒரு மூட்டையைப்போலத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனாள். இந்திராணி என் மனைவி. அங்கே இருந்த டாக்டர் ஞானம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் ரத்தத்தை விதவிதமாகச் சோதித்துவிட்டு, ஒரு நாள் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

"சொல்லுதேன் கேளுங்க. ஒங்க கழுத்துல ரெண்டு சீக்கு இருக்கு. ஒண்ணு பிறவியில வந்தது. தைராய்டு தண்ணி எவ்வளவு வந்தாலும் ஒங்க ஒடம்புக்குக் காது மந்தம், கேக்காது. அதனால சுரப்பி இன்னும் சத்தமாக் கத்தும், கழுத்து வீங்கும். இதயத்துக்கு மட்டும் நல்லாக் காது கேக்கும், அதான் அது போட்டு ஓடுது. ஒங்களுக்கு அதிகம் இருக்கதுதான் சரியான அளவு."

"அப்ப அந்த நார்மலு?"

"அதான் ரெண்டாவது சீக்கு. ஒங்க ஒடம்பே ஒங்க சுரப்பியை எதிராளின்னு நெனச்சுக் கொஞ்சங் கொஞ்சமா அழிச்சிருக்கு. சத்தம் கொறஞ்சு மத்தவங்க அளவுக்கு வந்துட்டு. காது நல்லாருக்கவனுக்கு அது போதும். ஒங்களுக்கு அது முணுமுணுப்பு."

"சொந்த ஒடம்பே எதிரின்னு நெனைக்குமாம்மா?"

"நெனைக்கும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

எனக்குத் தெரிந்தது. பங்காளிச் சண்டை. மண்ணூரில் இரண்டு தெருவில் நடப்பது என் கழுத்துக்குள்ளேயும் நடக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரையின் அளவைப் பார்த்து, மருந்துக்கடைக்காரர் 'மொத்தக் குடும்பத்துக்குமா?' என்று கேட்டார். ஒரு மாசத்தில் கண் திறந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். கூடவே, தூங்கிப் போயிருந்த ஆத்திரமெல்லாம் வரிசையாக எழுந்து பல் துலக்கிக்கொண்டு வந்து நின்றது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "ஒங்க வகையறாவுல வேற யாருக்காச்சும் கழுத்து வீங்கி, படபடப்பு இருந்தாக் கூட்டிட்டு வாங்க. சாதாரணத் தைராய்டுன்னு நெனச்சு சுரப்பியை எடுத்துட்டாங்கன்னா கஷ்டம். அப்புறம் ஒங்களை மாதிரிதான், மாத்திரையை அள்ளிப் போட்டாலும் பத்தாது."

இப்போது சாம்பார் விளங்கியிருக்கும்.

என் திட்டம் மிக எளிது: சும்மா இருப்பது. உலகத்திலேயே உழைப்பில்லாத பழி, என் உடம்புக்கு ஏற்றது. அவர்கள் அறுப்பார்கள். உதயசூரியன் உப்புவான். ஸ்வெட்டர் போடுவான். லைனில் நின்றுகொண்டே தூங்குவான். யார்டில் சீவல் அள்ளுவான். நான் தள்ளுவண்டியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு பெயர் வைப்பேன். என்ன பெயர் என்று முடிவுசெய்வதிலேயே ஒரு வாரம் போயிற்று. 'அஸ்தமனம்' என்று ஒன்று தோன்றியபோது, சீவல் குவியல் நடுவே தனியாகச் சிரித்தேன்.

வீட்டில் பாட்டு முணுமுணுத்தபடி கால் கழுவினேன். இந்திராணி சந்தேகப்பட்டாள்.

"இன்னாய்யா, பாட்டுலாம் பலமா கீது?"

சொன்னேன். அவள் அரிசி களைந்த கையை உதறினாள். இவளாவது நல்ல புத்தி சொல்லுவாள் என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"வுடு, அறுக்கட்டும்" என்றாள். "மாமா போயி நாலு நாளு ஆவல, மீன் குழம்பு வெச்சாளுங்க. இருக்கட்டும். நாளைக்கு அவன் தூங்கி வழியச்சொல்ல, அவன் பொண்டாட்டி கங்கா வந்து எதுனா தெரியுமான்னு நம்மளத்தான் கேப்பா. முன்னமே தெரியும்னு சொல்லணும். நான் சொல்றேன், நீ சொதப்பிடுவ."

"சரி."

"ஆனா அவனுக்கும் உனக்கும் ஒரே நோவுன்னு நீ எப்டி சொல்ற? ஊர்ல எத்தினி பேருக்குக் கழுத்து வீங்குது."

"பொறந்ததுலேந்து அவனும் என்னை மாதிரியேதான் ஆடறான். இது ரத்தத்துல வர்றதுடி. எங்க நைனாவுக்கு, அதுக்கு முன்ன தாத்தாவுக்கு, அங்கேந்து பெரிப்பாவுக்கு..."

நான் நிறுத்தினேன். அவளும் பானையை வைத்துவிட்டாள்.

"யோவ்" என்றாள். "அப்ப மாமா?"



அப்பா தாத்தாவின் ரத்தம்தான் என்பதற்கு மண்ணூரில் இருந்த ஒரே சாட்சி, என் எதிரியின் கழுத்தில் எலுமிச்சம்பழமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் அறுத்து எறியப் போகிறார்கள். அறுத்த பிறகு சோதித்தால் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும். நான் சும்மா இருந்தால் அவன் உடம்பு கெடும், சரி. ஆனால் கெட்ட உடம்போடும் அவன் 'நம்ம ரத்தம் இல்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆகவே, அவனைக் காப்பாற்றினால்தான் பழிவாங்க முடியும். என் அதிர்ஷ்டம் எப்போதும் இப்படித்தான் அமையும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வீட்டு வாசலில் நின்றேன். பிறந்ததிலிருந்து அந்தப் படியை மிதித்ததில்லை. பெரியப்பா முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். எழுபது வயதிலும் உட்கார மனசு வராத குடும்பம்.

"எவன்டா அது?"

"கோபால் புள்ள."

"எந்தக் கோபாலு?"

"உங்க தம்பி கோபாலு."

"எனக்குத் தம்பியே கெடையாது."

"அதத்தான் பேச வந்தேன் பெரிப்பா."

சத்தம் கேட்டு உதயசூரியன் வாயில் பேஸ்ட் நுரையோடு வந்தான். பின்னால் கங்கா.

"பள்ளிகொண்டானா? தூக்கத்துலயே நடந்து வந்துட்டியா?"

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எனக்குப் பிடிக்காத ஒருவனுக்கு நல்லது சொல்வது எவ்வளவு கசப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் மிரட்டுவதுபோல இருந்திருக்க வேண்டும். கங்கா மட்டும் முகம் வெளுத்துக் கேட்டாள்.

"ஆப்பரேஷனே வேணாம்ன்றீங்களா?"

"ரத்தத்தைச் சோதிச்சா தெரிஞ்சிடும். அவனுது, பெரிப்பாவுது, ரெண்டும். ஆனா சும்மா கூப்டல. என்னுது மாதிரியே வந்துச்சுன்னா, எங்க நைனா வருஷத் திதிக்கு ரெண்டு பேரும் தீட்டு காத்து மொட்டை போடணும். மீசையும் சேர்த்து."

உதயசூரியனின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"வரலன்னா?" என்றார் பெரியப்பா.

"நான் மொட்டை போடறேன்."

"உன் தலையில இன்னா கீது போடறதுக்கு?"

நியாயமான கேள்வி. முக்கால் வாசியை ஏற்கெனவே தைராய்டு எடுத்துக்கொண்டு போயிருந்தது. அப்போதுதான் ஒரு வார்த்தை வாயைவிட்டு வந்தது. வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"வரலன்னா, எங்க அப்பன் உங்க ரத்தம் இல்லன்னு கம்பெனி பஸ்ஸுல எழுந்து நின்னு நானே சொல்றேன்."

பெரியப்பாவின் நடை நின்றது. அந்த ஆசைதான் அவரை இழுத்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஏதோ மறுக்க வாயைத் திறந்தார். கங்கா விடவில்லை.

"மாமா, மொட்டை போட்டா மசுருதான் போவும். இவரு கழுத்த அறுத்துட்டு அப்புறம் தப்புன்னா?"

மெட்ராஸ் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் தனித்தனிச் சீட்டில் போனோம். பூந்தமல்லி தாண்டும்போது எனக்கு வியர்த்தது. அவனுக்கு வந்திருப்பது ஊரில் எல்லோருக்கும் வருகிற சாதாரணத் தைராய்டாக இருந்துவிட்டால்? என் அப்பாவை நானே, எழுந்து நின்று, கம்பெனி பஸ்ஸில்... கடவுளே, இவனுக்கு அந்த அபூர்வமான பரம்பரைச் சீக்கு இருக்கட்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் பெருமாளிலிருந்து திருவேற்காட்டு அம்மன் வரைக்கும் வேண்டிக்கொண்டேன். எதிரிக்கு வியாதி வர வேண்டும் என்று வேண்டுகிறவர்கள் உண்டு. இத்தனை உருக்கமாக, இத்தனை நல்ல எண்ணத்தோடு வேண்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் ஞானம்மா பெரியப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"பெரியவரே, ஓடியா வந்திய?"

"ஒக்காந்துகினுதாம்மா கீறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். காஞ்சிபுரத்து ஆப்பரேஷனைக் கங்கா தள்ளிப் போட வைத்தாள். ஆயுத பூஜைக்கு உதயசூரியன் மெஷின்களுக்குச் சந்தனம் வைத்தபோது கை நடுங்கிப் பொட்டெல்லாம் கோடாக இழுத்துக்கொண்டு போயிற்று. முதல் முறையாக அதற்கு ஒருவரும் 'சுறுசுறுப்பு' என்று சொல்லவில்லை.

ரிசல்ட் வாங்கப் போன அன்று டாக்டர் காகிதங்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சாதாரணமா தைராய்டு அதிகமானா, மூளை 'போதும்'னு வாயை மூடிக்கிடும். ஒங்க ரெண்டு பேருக்கும் மூளை இன்னும் போடு, இன்னும் போடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. இந்தக் குமாரவேலுக்கு மொதல்ல இருந்த அதே பிறவிச் சீக்குதான். ரெண்டாவது சீக்கு ஒங்களுக்கு இல்ல." உதயசூரியனிடம் திரும்பினார். "ஆப்பரேஷன் வேண்டாம். படபடப்பு ரொம்ப வந்தா அதுக்கு மட்டும் ஒரு மாத்திரை. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. ஒரே பரம்பரை. எனக்கு இரண்டு சீக்கு, மாசா மாசம் ஒரு பை மாத்திரை. அவனுக்கு ஒன்று, அதற்கும் வைத்தியம் தேவையில்லையாம். பாகப்பிரிவினையில் எங்கள் பக்கத்துக்கு எப்போதுமே இப்படித்தான்.

டாக்டர் பேனாவைத் திறந்து, குடும்ப வரிசையைப் படமாகப் போட ஆரம்பித்தார்.

"பெரியவரே, நீங்களும் இவர் அப்பாவும் ஒரே தகப்பன் பிள்ளைங்கதானே?"

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. உதயசூரியன் அழுகையை நிறுத்தினான்.

டாக்டர் என் பக்கம் பார்த்தார். நான் பதில் சொல்லியிருக்கலாம்.

"நீங்களே சொல்லுங்க பெரிப்பா" என்றேன்.

அவர் கால் தடதடவென்று ஆடியது. மேஜை ஆடியது. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் ஆடியது.

"ஆமா" என்றார்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

சத்தியமாக, அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. டாக்டருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

"ஆமாம்மா! ஒரே அப்பன்தான்!"

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நிதானமாக ஒரு கோடு போட்டு என் அப்பாவைத் தாத்தாவோடு சேர்த்தார். "தாயார் வேறயா? சரி, அப்ப ஒங்க தகப்பனார் வழியிலதான் வந்திருக்கு" என்றார்.

ஐப்பசித் திதிக்கு முந்திய நாட்களில் பெரியப்பா வீட்டிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று இந்திராணி தினமும் தெருமுனை வரை போய் மோந்துவிட்டு வந்தாள். கத்திரிக்காய், அவரைக்காய் தவிர வேறில்லை என்று அறிக்கை கொடுத்தாள்.

திதியன்று ஏரிக்கரையில் டில்லிபாபு பலகையைப் போட்டுக் கத்தியைத் தீட்டினான். முதலில் உதயசூரியன். மீசை போனதும், பரீட்சையில் தேறாத பையனைப் போல ஆகிவிட்டான். கம்பெனி ஆட்கள் சிலர் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "சித்தப்பா திதி" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். நான் அதை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு பெரியப்பா உட்கார்ந்தார். பின்னந்தலை வெளுத்து, கழுத்து முழுக்க வெளியே வந்தது. அவர் தொண்டைப் புடைப்பைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க அப்பனுக்கும் இப்டித்தான் இருந்துச்சாடா?"

ஒரு வருஷமாக நான் அவருக்கென்று எத்தனையோ வார்த்தை கூர்தீட்டி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பக்கத்துத் தெருவுலதான் இருந்தாரு பெரிப்பா. வந்து பாத்திருக்கலாம்."

அவர் தலை ஆட ஆரம்பித்தது. சீக்கா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"பெரியவரே ஆடாதீங்க, காது போயிடும்" என்றான் டில்லிபாபு. "யாரனா தலையப் புடிங்கப்பா."

உதயசூரியன் தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தான். வேறு பங்காளி யாரும் பக்கத்தில் இல்லை. நான் குனிந்து இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்தேன். நெற்றிப்பொட்டில் ரத்தம் என் உள்ளங்கையில் இடித்தது. என் வேகத்திலேயே இடித்தது.

டில்லிபாபு கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நல்லாப் புடிச்ச போ. ரெண்டு பேரும் ஒரே ஆட்டமா ஆடினா நான் கத்திய எங்க வெக்கிறது?"

"அவசரம் இல்ல டில்லி" என்றேன். "மெதுவாவே எடு."